இசை சிகிச்சையாளருக்கும் ஒரு துணை வேண்டும்

(புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் இசை மாணவர்களும் செவிலியரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சைப் புதுச்சேரியில் பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மருத்துவக் கல்வியில் இந்த ஊருக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1823 இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வழி வந்ததுதான் 1956 இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964 இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற நிறுவனம். இந்தத் தட்டாஞ்சாவடியிலிருந்து ஜிப்மர் பக்கம்தான். இன்னொரு பக்கம், கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே 2010 இல் இசை சிகிச்சைக்கென்று ஒரு கல்வி, ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. டாக்டர் சுமதி சுந்தர் அதற்குத் தலைமை ஏற்றார். முதலில் பட்டயப் படிப்பு, பிறகு முதுகலைப் பட்டம் என்று அது வளர்ந்தது. இசை சிகிச்சை படிக்கும் பிள்ளைகள் மருத்துவர்கள், செவிலியர்கள் நடமாடும் வார்டுக்குள்ளேயே பயிற்சி பெற முடிந்தது. இந்தியாவில் இது சாதாரண விஷயம் இல்லை.

படிக்கிற காலத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார். படிப்பு முடிந்து, சான்றிதழ் கைக்கு வந்து, ஒரு சிறப்புப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலைக்குப் போன பிறகு இந்தப் பிள்ளைகளோடு நிற்பவர் யார்? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

உளவியல் துறையில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1920 இல் பெர்லினில் உளப்பகுப்பாய்வு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கிய மாக்ஸ் ஐட்டிங்கனும் அவருடைய தோழர்களும், பயிற்சி பெறுகிற ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 1950களில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் சாதாரணப் பொதுமருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, அவர்களுக்குச் சங்கடம் தந்த நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். வருடக்கணக்கில் தொழில் செய்தவர்கள்கூட அங்கே வந்து உட்கார்ந்தார்கள். கற்றுக்கொள்கிற மாணவருக்கு மட்டும்தான் துணை தேவை என்ற எண்ணம் அன்றே உடைந்துவிட்டது.

இதைத்தான் மேற்பார்வை என்கிறோம். மேற்பார்வை என்றதும் வருகைப் பதிவேடும் கண்டிப்பும் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அந்த நிர்வாக வேலையை இல்லை. பிரிட்டனில் பிரிஜிட் பிராக்டர் என்பவர் 1980களில் மேற்பார்வையின் பணியை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, கற்பிப்பது. இரண்டாவது, நோயாளிக்குக் கேடு வராமல் நெறியைக் காப்பது. மூன்றாவது, வேலை செய்பவர் மனம் உடையாமல் தாங்குவது. மூன்றும் சேர்ந்தால்தான் அது மேற்பார்வை. ஒன்றே ஒன்று மட்டும் நடந்தால் அது வகுப்பாகவோ விசாரணையாகவோ ஆறுதல் பேச்சாகவோ நின்றுவிடும்.

அமெரிக்காவில் உளவியலாளர் கேல் ஸ்டோல்டன்பெர்க் 1981 இல் இன்னொன்றைச் சொன்னார். ஆலோசனை தரும் தொழிலில் ஒருவர் படிப்படியாக வளர்கிறார். ஒவ்வொரு படியிலும் அவருக்கு வேண்டிய மேற்பார்வை வேறு. புதிதாக வந்தவர் தன்னைப் பற்றியே கவலைப்படுவார். நடுப்படியில் இருப்பவர் நோயாளியின் துயரத்தில் மூழ்குவார். ஒரு நாள் தன்னம்பிக்கை, மறுநாள் தடுமாற்றம். முதிர்ந்தவருக்குத்தான் தன்னையும் நோயாளியையும் ஒரே நேரத்தில் கவனிக்க வரும். இந்தப் படிகளை நம்முடைய இசை சிகிச்சையாளர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நான் சொல்லப்போகும் நோயாளிகள் யாரும் தனி ஆள் அல்லர். பலரைப் பார்த்ததிலிருந்து அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

முதலில், மாணவப் பருவம்.

பக்கவாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு போய்விட்டது; ஆனால் பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறார், சொற்கள்கூட வந்து விழுகின்றன. பேச்சு அடைபட்டாலும் பாட்டு சிலருக்கு மிச்சமிருக்கும். இதை அடிப்படையாகக் கொண்டு 1973 இல் பாஸ்டனில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் ஒரு சிறு வாக்கியத்தை மேல், கீழ் என்ற இரண்டே சுரங்களில் இழுத்துப் பாடி, அசைக்கு ஒரு தட்டாக இடது கையைத் தட்டிக்கொண்டே நோயாளியைச் சொல்ல வைப்பது அந்த முறை.

மாணவி ஒருத்தி இதைப் படித்துவிட்டு வருகிறாள். “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். சுருதி சுத்தம், குரல் இனிமை. நோயாளி வாயே திறக்கவில்லை. மாணவி மேற்பார்வையாளரிடம் வந்து, “சார், அவர் ஒத்துழைக்க மாட்டேங்கிறார்” என்கிறாள்.

நல்ல மேற்பார்வையாளர் இந்த இடத்தில் அறிவுரை தொடங்கமாட்டார். “ரெக்கார்டிங் இருக்கா? போடும்மா, கேட்போம்” என்பார். இருவரும் கேட்கிறார்கள். அவள் பாடி முடிக்கிறாள். ஒரு நொடி, இரண்டு நொடி. மூன்றாவது நொடியில் அவளே மறுபடி தொடங்கிவிடுகிறாள். “நீ நிறுத்தினதுக்கும் ஆரம்பிச்சதுக்கும் நடுவுல என்ன கேட்குது?” திரும்பப் போடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு மூச்சு உள்ளே இழுபடும் ஓசை கேட்கிறது. நோயாளி தொடங்கப் போயிருக்கிறார். அதற்குள் அவள் குரல் மேலே ஏறிவிட்டது. “சரி, வீட்டுல இவர் தண்ணி எப்படிக் கேட்பார்னு அவர் மனைவிகிட்ட கேட்டியா?” கேட்கவில்லை. மறுநாள் கேட்டால், “தண்ணி குடுன்னு கேட்பார், வேற எப்படி?” என்கிறார் அந்த அம்மா. நான்கு அசை. அடுத்த அமர்வில் மாணவி அந்த நான்கு அசையைப் பாடிவிட்டு, அவர் கையைத் தட்டிக்கொண்டே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள்.

மாணவப் பருவத்து மேற்பார்வை இப்படித்தான் இருக்க வேண்டும்: நேரில், வாராவாரம், ஒலிப்பதிவோடு, நுணுக்கமாக. தேவைப்பட்டால் மேற்பார்வையாளர் வார்டுக்குள்ளேயே கூட உட்கார வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் இசை சிகிச்சையாளராகத் தேர்வு எழுதும் முன் குறைந்தது 1,200 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் சிகிச்சைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அத்தனை மணி நேரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று நொடிதான் என் பதில். புத்தகத்தில் அது இருக்காது.

இந்த இடத்தில் நம்முடைய குரு சிட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கீதம் கற்றவர்களுக்குத் திருத்தப்படுவது புதிதில்லை. குரு ஒரு சங்கதியைச் சொல்வார், சீடர் அதே பாடாந்தரத்தில் திருப்பிச் சொல்வார், வராவிட்டால் மறுபடி. இந்த ஒழுக்கம் நமக்குப் பெரிய சொத்து. அதே நேரம், அந்த உறவில் சீடர் வாய் திறந்து “எனக்கு இந்த இடம் பயமாயிருக்கு” என்று சொல்லிப் பழக்கமில்லை. சிகிச்சை வேலையில் அதைச் சொல்லியாக வேண்டும். நோயாளியைக் கண்டு பயம் வந்தது, எரிச்சல் வந்தது, அழுகை வந்தது என்று சொல்ல முடியாத இடத்தில் மேற்பார்வை நடக்காது. காதின் கூர்மையைக் குருகுலத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். வாய் திறக்கும் உரிமையை நாம் சேர்த்துக்கொள்வோம்.

இன்னொன்று, யாருடைய இசை என்ற கேள்வி. இங்கே மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள் புதுச்சேரிக்காரர்கள் மட்டும் இல்லை. விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். தெருக்கூத்து விடிய விடியப் பார்த்தவர்கள், ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்தவர்கள், கோயில் பாட்டோ ஞானக் கீர்த்தனையோ பாடி வளர்ந்தவர்கள், இளையராஜா பாட்டில் இளமையைக் கழித்தவர்கள். கர்நாடக இசை மட்டும் கற்ற மாணவிக்கு ஆலாபனைதான் உயர்ந்த இசை என்று உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கும். அது நோயாளியின் முன் எப்படியும் வெளிப்பட்டுவிடும். அதை அவளுக்கு எடுத்துக்காட்ட இன்னொருவர் வேண்டும்.

இந்த ராகம் இந்த நோய்க்கு என்று பட்டியல் போட்டு விற்பவர்கள் இன்று நிறையப் பேர். முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர அடாணா ராகத்தில் வியாழக் கிரகத்தைப் போற்றிப் பாடினார் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. கேட்பவர்கள் ராகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு மனிதருக்காக அவர் அதைப் பாடினார் என்று அதே கதைதான் சொல்கிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவராகவும் இசை ஆய்வாளராகவும் வாழ்ந்து, 1917 இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டவர். மருந்தும் இசையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்த மரபு நமக்கு உண்டு. பட்டியல் வைத்து மருந்து கொடுப்பவர் அந்த மரபுக்கு வாரிசு இல்லை.

இரண்டாவது, வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். என் கணக்கில் இதுதான் மிக ஆபத்தான காலம். நம் நாட்டில் மேற்பார்வை முற்றிலும் அறுந்துபோவதும் இப்போதுதான்.

நடப்பதைச் சொல்கிறேன். சிறப்புப் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கிறது. அந்தப் பள்ளியில் இசை சிகிச்சையாளர் அவர் ஒருவர்தான். முதல் வாரமே, “முப்பது பிள்ளைங்களையும் ஹாலில் உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பாட்டு எடுங்க” என்பார்கள். டிசம்பர் வந்தால், “ஆண்டு விழாவுக்கு ஒரு குழுப்பாட்டு சொல்லிக் கொடுத்துடுங்க மிஸ்.” சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாட்டு வாத்தியாருக்கும் இசை சிகிச்சையாளருக்கும் வேறுபாடு அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் தலைமை ஆசிரியரிடம் அதைத் தனியாக எப்படிச் சொல்வாள்? அவளோடு உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிடம், என்ன குறிக்கோள், எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுக்க உதவுவதும் மேற்பார்வைதான்.

இன்னொரு பக்கம் பெற்றோர். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா கேட்பார்: “மிஸ், இவன் எப்போ பேசுவான்?” இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லப் பயிற்சி வேண்டும். 2017 இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 9 நாடுகளைச் சேர்ந்த 364 பிள்ளைகள் பங்கேற்றார்கள். வழக்கமான கவனிப்போடு இசை சிகிச்சையைச் சேர்த்ததால் சமூகத் தொடர்பு சார்ந்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. 2022 இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, 1,165 பேரின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை சிகிச்சை உதவக்கூடும் என்று அது சொன்னது. பேச்சு வளர்ச்சியைப் பற்றித் தெளிவான சான்று இல்லை என்றும் சொன்னது. தனியாக நிற்கும் இளம் சிகிச்சையாளர் அந்த அம்மாவுக்கு வீண் நம்பிக்கை தருவார், இல்லாவிட்டால் தன் தொழிலிலேயே நம்பிக்கை இழப்பார். இரண்டிலிருந்தும் அவரைக் காக்க, மாதம் இரண்டு முறையாவது ஒரு மூத்தவர் காது கொடுக்க வேண்டும். நேரில் முடியாவிட்டால் காணொலியில் பேசலாம்.

மூன்றாவது, நடுப்பருவம். எட்டு, பத்து ஆண்டு கடந்தவர்கள். கை பழகிவிட்டது. யாரும் இவர்களைக் கேள்வி கேட்பதில்லை. இவர்களுக்கு வருவது வேறு வகைச் சிக்கல்.

புற்றுநோய் வார்டில், இறுதிநிலை நோயாளிகளோடு பாடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அடுத்தடுத்து மூன்று பேர் போய்விட்டார்கள். அவர் விடுப்பு எடுக்கவில்லை, குறை சொல்லவில்லை. அவருடைய அமர்வுப் பதிவுகளை வரிசையாகக் கேட்ட மேற்பார்வையாளருக்குத்தான் ஒன்று தெரிந்தது. காலப்பிரமாணம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நோயாளி மெதுவான பாட்டைக் கேட்டாலும் இவர் துரிதமாகவே முடிக்கிறார். நாற்பது நிமிட அமர்வு இருபத்தைந்தாகியிருக்கிறது. ஓடித் தப்புகிற இசை அது. மேற்பார்வையாளர் ஒரு மிருதங்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, “போன வாரம் அந்த அம்மாவோட கடைசி அமர்வு எப்படியிருந்ததுன்னு வாசிச்சுக் காட்டுங்க” என்கிறார். சொற்களில் வராதது விரல்களில் வரும். நோயாளியைப் போலவோ அமர்வின் மனநிலையைப் போலவோ வாசித்துக் காட்டச் சொல்வது இசை சிகிச்சை மேற்பார்வைக்கே உரிய வழி. அன்று அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே அழுதார். அடுத்த வாரம் வார்டில் அவருடைய பாட்டு பழைய நிதானத்துக்கு வந்தது.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். மேற்பார்வை சிகிச்சையாளருக்கான சிகிச்சை இல்லை. அவருடைய குடும்பத் துயரத்தை ஆராய்வது மேற்பார்வையாளரின் வேலை இல்லை. அந்தத் துயரம் நோயாளியைத் தொடுகிற இடம் வரைக்கும்தான் அவர் போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் உளவியல் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். ஊதிய உயர்வுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியே மேற்பார்வையாளராகவும் இருந்தால் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். சிறிய நிறுவனத்தில் வேறு வழி இல்லை என்றால், வெளியிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும்.

நோயாளியின் ரகசியமும் காக்கப்பட வேண்டும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23 ஆம் பிரிவில், மனநோயுள்ளவரின் விவரங்களைக் காக்கும் உரிமையைச் சொல்கிறது. ஒலிப்பதிவு செய்யுமுன் நோயாளியிடமோ பெற்றோரிடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எதற்காக, யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி “கேட்டுட்டுச் சொல்லுங்க சார்” என்பதை இன்றோடு நிறுத்துவோம்.

நான்காவது, மூத்தவர்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு எதற்கு மேற்பார்வை என்று நீங்கள் கேட்கலாம். அனுபவம் ஒருவரை வேகமாக முடிவெடுக்க வைக்கிறது. பிள்ளை உள்ளே நுழைந்ததுமே, “இவனுக்கு இது சரியா வரும்” என்று கை தானாகப் பழைய மெட்டுக்குப் போய்விடும். பலமுறை சரியாகவும் இருக்கும். தவறாகப் போகும் அந்த ஒரு முறையை எடுத்துச் சொல்ல, மூத்தவரைச் சுற்றி யாரும் இருப்பதில்லை, மரியாதை தடுக்கிறது. ஆகவே மூத்தவர்கள் தமக்குள் ஒரு சிறு வட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். நாலைந்து பேர் போதும். அதில் ஒருவராவது வேறு துறைக்காரராக இருக்கட்டும்: நடன சிகிச்சையாளர், மனநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், வார்டை நன்றாக அறிந்த சிஸ்டர். மாதம் ஒருமுறை ஒருவர் தன் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்ட வேண்டும். நன்றாக அமைந்ததை விட்டுவிட்டு, புரியாமல் போனதைக் கொண்டுவர வேண்டும்.

மூத்தவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. மேற்பார்வை செய்வதே தனிக் கலை; நல்ல சிகிச்சையாளர் எல்லாரும் நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார்கள். மிஷேல் ஃபோரினாஷ் தொகுத்து 2001 இல் வெளிவந்து, 2019 இல் விரிந்த பதிப்பும் கண்ட இசை சிகிச்சை மேற்பார்வை நூல், இது படித்துப் பழக வேண்டிய வேலை என்பதற்குச் சான்று. எப்போது சொல்லிக்கொடுப்பது, எப்போது கேள்வி கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது என்று மூத்தவரும் கற்றுத்தான் ஆக வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பதிவு பெறாதவர் தம்மை இசை சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது; வேலையில் இருக்கும் காலம் முழுதும் மேற்பார்வை பெறுவது அங்கே தொழில் வழக்கம். நம் நாட்டில் 2021 இல் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. கலை, நடனம், அசைவு ஆகியவற்றின் வழியே சிகிச்சை தருபவர்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறார்கள். கலைவழிச் சிகிச்சைகளுக்குப் பதிவும் பாடத்திட்டமும் எழுதப்படும் காலம் இது. எத்தனை பாடம், எத்தனை தேர்வு என்பதோடு, வேலைக்குப் போன பிறகு எத்தனை மணி நேர மேற்பார்வை என்பதும் அதில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.

முடிவாக, நான்கு தரப்பினரிடம் நான்கு வேண்டுகோள்.

மருத்துவமனை, பள்ளி நிர்வாகிகளே, இசை சிகிச்சையாளரை வேலைக்கு எடுக்கும்போது மேற்பார்வை நேரத்தையும் வேலை நேரத்துக்குள் சேருங்கள். அதற்கான செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு மணி நேரத்தில் எந்த நிறுவனமும் நொடித்துப் போகாது.

பெற்றோர்களே, நோயாளிகளின் குடும்பத்தாரே, சிகிச்சையாளரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பதோடு, “உங்களுக்கு மேற்பார்வை தருபவர் உண்டா?” என்றும் கேளுங்கள். அது அவமதிப்பான கேள்வி இல்லை. நல்ல சிகிச்சையாளர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

மூத்தவர்களே, இந்த ஊரில் பயின்று பல ஊர்களுக்குப் போன பிள்ளைகளில் ஒருவரையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களே, நீங்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஊரில் உங்களைப் போல ஒருவர் தனியாக இருப்பார். இந்த மாதமே அவரைக் கூப்பிட்டு, உங்கள் பதிவில் ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். புதுச்சேரியில் பயிற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பின் வரும் துணையையும் இங்கேயே தொடங்குவோம்.